நம் பிள்ளைகள் விளையாடும் கேம்களின் புதிய சொந்தக்காரர்

2022 ஏப்ரலில் இலங்கை, வெளிநாட்டுக் கடனை இப்போதைக்குத் திருப்பிக் கட்ட முடியாது என்று கைவிரித்தது. அப்போது நாட்டின் மொத்த வெளிநாட்டுக் கடனாகச் சொல்லப்பட்ட தொகை சுமார் 51 பில்லியன் டொலர். பெட்ரோல் வரிசை, காஸ் வரிசை, மருந்துத் தட்டுப்பாடு, மணிக்கணக்கான மின்வெட்டு என்று கொழும்பில் நாம் பட்ட பாடெல்லாம் அந்தக் கடனோடு வந்ததுதான். 2025 செப்டம்பர் 29ஆம் திகதி, ஒரேயொரு அமெரிக்க வீடியோ கேம் கம்பனிக்கு 55 பில்லியன் டொலர் விலை பேசி முடித்தார்கள்.

கம்பனியின் பெயர் எலக்ட்ரோனிக் ஆர்ட்ஸ். சுருக்கமாக ஈஏ. பெயர் தெரியாதவர்களுக்கும் அதன் கேம்கள் தெரியும். ஃபிஃபா என்று விளையாடி இப்போது ஈஏ எஃப்சி என்று விளையாடுவது அவர்களுடையது. பழைய கம்ப்யூட்டரில் இன்னும் நம் பையன்கள் விடாமல் வைத்திருக்கும் கிரிக்கெட் 07 அவர்களுடையது. பேட்டில்ஃபீல்ட், தி சிம்ஸ், ஏபெக்ஸ் லெஜெண்ட்ஸ் எல்லாம் அங்கிருந்து வந்தவை. வாங்க வந்தவர்கள் மூன்று பேர்: சவூதி அரேபியாவின் பொது முதலீட்டு நிதியம், சில்வர் லேக் என்ற அமெரிக்க முதலீட்டு நிறுவனம், ட்ரம்பின் மருமகன் ஜாரெட் குஷ்னரின் அஃபினிட்டி பார்ட்னர்ஸ். மூன்று பேர் என்று சொன்னாலும் பிறகு வெளியான ஆவணங்களின்படி 93 வீதத்துக்கு மேல் சவூதி நிதியத்துக்குத்தான் போகிறது. குஷ்னரின் நிறுவனமே அதே நிதியத்திடம் 2 பில்லியன் டொலர் வாங்கி வளர்ந்ததுதான். 2025 டிசம்பரில் ஈஏ பங்குதாரர்கள் சம்மதம் கொடுத்துவிட்டார்கள்.

பொது முதலீட்டு நிதியம் என்றதும் நம் ஊழியர் சேமலாப நிதியம் மாதிரி ஒன்றை நினைத்துவிடக் கூடாது. அதன் தலைவர் முடிக்குரிய இளவரசர் முஹம்மத் பின் சல்மான். அரசும் அவரே, நிதியமும் அவரே. நிதியம் ஒன்றை வாங்கினால் அந்த நாட்டின் ஆட்சியே அதை வாங்குகிறது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இது திடீரென்று நடந்ததில்லை. 2020இன் கடைசி மாதங்களில் இந்த நிதியம் ஆக்டிவிஷன் பிளிசார்ட், ஈஏ, டேக்-டூ ஆகிய மூன்று அமெரிக்கக் கம்பனிகளில் மொத்தம் 3 பில்லியன் டொலருக்கு மேல் பங்குகளை வாங்கியது. அது நமக்குத் தெரியவந்ததே அமெரிக்கப் பங்குச் சந்தைச் சட்டத்தினால்தான். பெரிய முதலீட்டாளர்கள் கையிலுள்ள பங்குகளைக் காலாண்டுக்கு ஒருமுறை அறிவிக்க வேண்டும் என்று அங்கே விதி இருக்கிறது. ஜப்பானில் 5 வீதத்தைத் தாண்டினால் அறிவிக்க வேண்டும். அப்படித்தான் 2022 மே மாதம் ஜப்பானியக் கேம் கம்பனியான நிண்டெண்டோவில் 5.01 வீதம் சவூதியிடம் இருப்பது வெளியே வந்தது. 2023 பெப்ரவரியில் அது 8.26 வீதமாக ஏறியிருந்தது. இதற்கிடையில் கிங் ஆஃப் ஃபைட்டர்ஸ் தந்த எஸ்என்கே கம்பனியை, இளவரசர் தொடங்கிய மிஸ்க் அறக்கட்டளையின் துணை நிறுவனம் ஒன்று 96 வீதம் வரை வாங்கிவிட்டது.

பிறகு சேவி கேம்ஸ் குரூப் என்று தனி நிறுவனம் வந்தது. அதுவும் நிதியத்துக்கே சொந்தம். 2022 ஜனவரியில் ஈஎஸ்எல், ஃபேஸ்இட் என்ற இரண்டு பெரிய ஈ-ஸ்போர்ட்ஸ், அதாவது வீடியோ கேம் போட்டி, நிறுவனங்களைச் சேர்த்து 1.5 பில்லியன் டொலருக்கு வாங்கினார்கள். கவுண்டர்-ஸ்ட்ரைக் பார்க்கிற எவருக்கும் இந்த இரண்டு பெயர்களும் தெரிந்திருக்கும். அந்தக் கேமின் பெரும் போட்டிகளை நடத்தியவர்கள் இவர்கள். 2023இல் மொனோபலி கோ செய்த ஸ்கோப்லி 4.9 பில்லியனுக்குப் போனது. 2025இல் அந்த ஸ்கோப்லி, போக்கிமான் கோ உட்பட நியாண்டிக்கின் கேம் பிரிவை 3.5 பில்லியனுக்கு வாங்கியது. 2001இல் சவூதியின் மூத்த மார்க்க அறிஞர்கள் போக்கிமானுக்கு எதிராக ஃபத்வா கொடுத்தவர்கள். ஒரு தலைமுறைக்குள் அந்த அரசின் பணம் போக்கிமான் கோவின் சொந்தக்காரராக வந்து நிற்கிறது. ஆடுபவர் எந்த வீதியில் நடக்கிறார் என்பதைப் பார்த்தபடி ஓடுகிற கேம் அது. ஓர் அரசின் கையில் அது இருப்பதைப் பற்றிச் சிலர் கவலைப்பட்டதில் நியாயம் இருக்கிறது.

எதற்கு இவ்வளவு? சவூதி தரப்பு சொல்லும் காரணத்தைத் தட்டிக்கழிக்க முடியாது. எண்ணெய் ஒருநாள் தீரும், அல்லது உலகம் எண்ணெயைக் கைவிடும். அதற்கு முன் வேறு தொழில்களை உருவாக்க வேண்டும் என்பதுதான் 2016இல் அறிவித்த விஷன் 2030 திட்டம். சவூதிக் குடிமக்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் 30 வயதுக்குக் கீழே. அவர்களில் மிகப் பெரும்பாலானோர் கேம் விளையாடுகிறார்கள். 2022 செப்டம்பரில் வெளியிட்ட தேசியக் கேமிங் திட்டத்தில் 2030க்குள் 39,000 வேலைவாய்ப்புகள் என்று இலக்கு வைத்தார்கள். ரியாதில் வளரும் ஒரு இளைஞனுக்கு இது உண்மையிலேயே நல்ல செய்தி. அவனுடைய சந்தோஷத்தைப் பிரசாரம் என்று ஒதுக்குவது தவறு.

ஆனால் இன்னொரு கணக்கும் இருக்கிறது. 2018 ஒக்டோபர் 2ஆம் திகதி பத்திரிகையாளர் ஜமால் கஷோக்ஜி இஸ்தான்புல் சவூதி துணைத் தூதரகத்துக்குள் கொல்லப்பட்டார். அந்த நடவடிக்கைக்கு இளவரசர் ஒப்புதல் கொடுத்தார் என்று அமெரிக்க உளவுத்துறை 2021 பெப்ரவரியில் வெளியிட்ட மதிப்பீடு சொன்னது. அவர் அதை மறுக்கிறார். 2022 மார்ச் 12ஆம் திகதி ஒரே நாளில் 81 பேருக்கு மரண தண்டனை நிறைவேற்றினார்கள். அதே ஆண்டு சல்மா அல்-ஷிஹாப் என்ற பல்கலைக்கழக ஆய்வாளருக்கு ட்விட்டரில் எழுதியதற்காக 34 ஆண்டுச் சிறை விதித்தார்கள். பின்னர் தண்டனை குறைந்து 2025 தொடக்கத்தில்தான் விடுதலையானார். 2024இல் குறைந்தது 345 பேருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டதாக அம்னெஸ்டி பதிவு செய்தது. இதே வருடங்களில்தான் இங்கிலாந்தின் நியூகாசில் கால்பந்துக் கழகமும் லிவ் கோல்ஃப் போட்டித் தொடரும் ரொனால்டோவும் கேம் கம்பனிகளும் ஒன்றன்பின் ஒன்றாகச் சவூதியிடம் வந்து சேர்ந்தன. சவூதி என்று கூகுளில் தேடினால் முதலில் என்ன வரவேண்டும் என்பதை மாற்றும் வேலை இது. இதைத்தான் நற்பெயர்ச் சலவை என்கிறார்கள். 2023 செப்டம்பரில் ஃபொக்ஸ் நியூஸ் இதைப் பற்றிக் கேட்டபோது இளவரசர் மறுக்கவே இல்லை. விளையாட்டுச் சலவையால் தன் நாட்டின் மொத்த உற்பத்தி ஒரு வீதம் கூடுமென்றால் அதைத் தொடர்ந்து செய்வேன் என்றார்.

கால்பந்தில் இந்த வேலை கண்ணுக்குத் தெரியும். நியூகாசில் மைதானத்தில் சவூதிக் கொடி பறந்தது, எதிரணி ரசிகர்கள் பேனர் பிடித்தார்கள், பத்திரிகைகள் எழுதின. கேமில் அப்படி நடக்காது. போக்கிமான் கோவைத் திறந்தால் முதலில் தெரிவது நியாண்டிக் காலத்தில் பார்த்த அதே உலகம்தான். சவூதியின் பெயர் சட்டென்று கண்ணில் படாது. எனக்கு இதில் மிகவும் கவலை தருவது இதுதான். கால்பந்தில் ஒரு பழைய கெட்ட பெயரை மறக்கச் செய்ய வேண்டியிருக்கிறது. கேமில் அந்தத் தேவையே இல்லை. 12 வயதுப் பிள்ளைக்குக் கஷோக்ஜி யார் என்று தெரியாது. அந்தப் பிள்ளைக்கு ரியாத் என்றால் 2024இலும் 2025இலும் அங்கே நடந்த ஈ-ஸ்போர்ட்ஸ் உலகக் கிண்ணம், 2025இல் 70 மில்லியன் டொலரைத் தாண்டிய பரிசுப் பணம், மேடை வெளிச்சம், கோப்பை தூக்கும் அணி. 2025இல் சதுரங்கத்தையும் சேர்த்துக்கொண்டார்கள். மாக்னஸ் கார்ல்சன் வென்றார். முதல் அறிமுகமே இப்படி அமைந்துவிட்டால் பிறகு காதில் விழும் கெட்ட செய்தி நம்ப முடியாத வதந்தி போலத்தான் கேட்கும்.

இரண்டாவது கவலை, பணம் வாங்கியவர்கள் வாயடைத்துப் போவது. இதற்கு மிகத் தெளிவான சாட்சி லீக் ஆஃப் லெஜெண்ட்ஸ். 2020 ஜூலையில் அதன் ஐரோப்பிய லீக், சவூதியின் நியோம் நகரத் திட்டத்தை அனுசரணையாளராக அறிவித்தது. நியோமுக்காகக் காலிசெய்யச் சொன்ன இடத்தை விட்டுப் போக மறுத்த ஹுவைதாத் கோத்திரத்தவர் ஒருவர் அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான் பாதுகாப்புப் படையினரால் கொல்லப்பட்டிருந்தார். போட்டிகளுக்கு வர்ணனை சொல்பவர்கள் வேலை செய்ய மாட்டோம் என்றார்கள். ஒரே நாளில் ஒப்பந்தம் ரத்தானது. நான்கு வருடம் கழித்து, 2024இல், அதே லீக் ஆஃப் லெஜெண்ட்ஸ் ரியாத் உலகக் கிண்ணத்தில் விளையாடப்பட்டது. அந்தக் கேமுக்கும் அந்த லீக்குக்கும் சொந்தக்காரரான ரயட் கேம்ஸ் 2025இல் வேலரன்ட் என்ற தன் இன்னொரு கேமையும் அனுப்பியது.

இடையில் என்ன மாறியது? சவூதியின் சட்டங்களும் சிறைகளும் பெரிதாக மாறவில்லை. ஈ-ஸ்போர்ட்ஸின் கையிருப்பு மாறியது. 2022, 2023 வாக்கில் அமெரிக்க முதலீட்டாளர்கள் லாபம் வரவில்லை என்று பின்வாங்கினார்கள். அணிகள் ஆட்களை நிறுத்தின, சில அணிகள் மூடின. அந்த நேரத்தில் செலவு செய்யத் தயாராக நின்ற ஒரே பெரிய கை சவூதியினுடையது. 2025இல் மட்டும் 40 அணிகளுக்கு 20 மில்லியன் டொலர் ஆதரவுத் தொகை ஒதுக்கினார்கள். சம்பளம் கொடுக்கும் இடத்தைப் பற்றி மேடையில் நின்று கேள்வி கேட்க எந்த விளையாட்டு வீரருக்குத் துணிவு வரும்? போட்டி நடத்துபவர், அணிக்குப் பணம் கொடுப்பவர், கேமைச் செய்பவர் மூவரும் ஒரே ஆளாகும்போது, மாட்டேன் என்று சொன்ன வீரருக்குப் போய் விளையாட வேறு இடமும் இருக்காது. தணிக்கை உத்தரவு எதுவும் போட வேண்டிய அவசியமில்லை. எல்லோரும் தாமாகவே அளந்து பேசுவார்கள்.

ஆனாலும் முடியாததில்லை. 2025 மே மாதம் ஜியோகெஸ்ஸர் என்ற வரைபட விளையாட்டு ரியாதில் போட்டி நடத்தப்போவதாக அறிவித்தது. அதற்கு வரைபடங்கள் செய்து தருபவர்கள் பெரும்பாலும் சம்பளமில்லாத ஆர்வலர்கள். அவர்கள் தங்கள் வரைபடங்களை விளையாட முடியாதபடி முடக்கிவைத்தார்கள். சில நாட்களுக்குள் கம்பனி பின்வாங்கியது. ஈஏ விற்பனை அறிவித்தபின் தி சிம்ஸ் கேமை வைத்து வீடியோ செய்யும் பிரபலமான சிலர் கம்பனியின் கிரியேட்டர் திட்டத்திலிருந்து விலகினார்கள். சர்வதேச ஒலிம்பிக் குழு 2024 ஜூலையில் சவூதியோடு ஒலிம்பிக் ஈ-ஸ்போர்ட்ஸுக்காக 12 வருட உடன்பாடு செய்திருந்தது. அதை 2025 ஒக்டோபரில் இரு தரப்பும் முடித்துக்கொண்டன.

சரி, இதில் கொழும்பில் இருக்கும் நமக்கு என்ன?

மருதானைப் பக்கம் ஏஜென்சிகள் இருக்கும் வீதிகளில் காலை நேரத்தில் நடந்து பாருங்கள். வாசலில் ஒட்டியிருக்கும் தாளில் சவூதி, குவைத், ஹவுஸ்மெய்ட், டிரைவர் என்று எழுதியிருக்கும். உள்ளே பிளாஸ்டிக் கதிரைகளில் மூதூர், கிண்ணியா, புத்தளம், ஹட்டன் என்று பல இடங்களிலிருந்து இரவு பஸ்ஸில் வந்த பெண்கள். கையில் பிளாஸ்டிக் உறைக்குள் பாஸ்போர்ட் கொப்பி, மெடிக்கல் ரிப்போர்ட், கிராம சேவகர் கடிதம். அப்படி ஒரு வாசலில் தாயோடு வந்த பையன் ஒருவன், திரை கீறல் விழுந்த போனில் ஃப்ரீ ஃபயர் விளையாடிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். எங்கே விளையாடி வெல்ல ஆசை என்று கேட்டேன். “ரியாத்ல அங்கிள், வேர்ல்ட் கப் அங்கதான் நடக்குது” என்றான். அவனுடைய அம்மா உள்ளே ரியாதிலுள்ள ஒரு வீட்டுக்கு வேலைக்குப் போவதற்காகக் கையெழுத்து வைத்துக்கொண்டிருந்தார்.

நம் மக்களுக்கு சவூதியை கேம் அறிமுகப்படுத்தவில்லை. நாற்பது வருடமாக நம் பெண்கள் அறிமுகப்படுத்தியிருக்கிறார்கள். மூதூரைச் சேர்ந்த ரிசானா நஃபீக் 2005இல் அங்கே போனபோது வயது 17. பாஸ்போர்ட்டில் பிறந்த வருடத்தை ஏஜென்ட்டுகள் 1982 என்று மாற்றிவைத்திருந்தார்கள். வேலைக்குச் சேர்ந்த சில வாரங்களில், பால் புகட்டும்போது அந்த வீட்டின் நான்கு மாதக் குழந்தை இறந்தது. புரையேறிவிட்டது என்று அவர் சொன்னார். கொலை என்று வழக்குப் பதிவானது. ஆரம்ப விசாரணையில் அவருக்குச் சட்டத்தரணி இல்லை. அவர் தமிழில் சொன்னதை மாற்றிச் சொல்ல வந்தவர் தகுதியுள்ள மொழிபெயர்ப்பாளரும் இல்லை. 2007இல் மரண தண்டனை விதிக்கப்பட்டது. 2013 ஜனவரி 9ஆம் திகதி நிறைவேற்றினார்கள். இலங்கை தன் தூதரைத் திரும்ப அழைத்தது. பிறகு சவூதிக்குப் போகும் பணிப்பெண்களின் குறைந்தபட்ச வயதை 25 ஆக உயர்த்தியது.

அன்று கொழும்பில் கிட்டத்தட்ட எல்லா வீடுகளிலும் அந்தப் பெயர் பேசப்பட்டது. இன்று பதின்ம வயதிலிருக்கும் பிள்ளைகள் அப்போது கைக்குழந்தைகள், அல்லது பிறக்கவே இல்லை. அவர்களுக்கு அந்தப் பெயர் தெரியாது. 2021இல் சவூதி தொழில் சட்டங்களைத் திருத்தி, வெளிநாட்டுத் தொழிலாளர் முதலாளியை மாற்ற ஓரளவு வழி செய்தது. வீட்டு வேலை செய்பவர்கள் அந்தத் திருத்தத்துக்குள் வரவில்லை. அதாவது நம் ஊரிலிருந்து போகும் பெண்களில் பெரும் பகுதியினர் அதற்கு வெளியே நின்றார்கள். மேற்கு நாடுகளில் இந்த விவாதம் பெரும்பாலும் ஒரு கொலையைச் சுற்றியும், பெண் உரிமை, ஓரினச் சேர்க்கையாளர் உரிமையைச் சுற்றியும் நடக்கிறது. அது சரிதான். ஆனால் அந்த நாட்டின் சமையலறைகளில் நம் மொழி பேசும் பெண்கள் பட்ட பாடு அந்த விவாதத்தில் கிட்டத்தட்ட வருவதே இல்லை. சலவையில் முதலில் மறையப்போவது யாருடைய பெயர் என்று கேட்டால், ஏற்கெனவே உரக்கச் சொல்லப்படாத பெயர்கள்தான்.

இப்படி எழுதினால் ஒரு பதில் உடனே வரும்: எல்லா அரசுகளும்தான் செய்கின்றன. உண்மை. அமெரிக்க இராணுவம் 2002 ஜூலை 4ஆம் திகதி அமெரிக்காஸ் ஆர்மி என்று சொந்தமாகவே ஒரு கேமை வெளியிட்டு, இருபது வருடம் ஆள் சேர்ப்புக்கு நடத்தியது. 2019இல் ஹொங்கொங் ஆர்ப்பாட்டங்களை ஆதரித்துப் பேசிய ஹார்த்ஸ்டோன் என்ற கேமின் வீரர் பிளிட்ஸ்சங்கை அதைச் செய்த பிளிசார்ட் கம்பனி தடை செய்து, பரிசுப் பணத்தையும் பறித்தது; எதிர்ப்பு வந்தபின் பணத்தைக் கொடுத்து, தடைக் காலத்தைப் பாதியாக்கியது. சீனச் சந்தையை இழக்கும் பயம் என்றுதான் பலரும் அதைப் புரிந்துகொண்டார்கள். நமக்கும் இது புதிதில்லை. பண்டாரநாயக்க ஞாபகார்த்த சர்வதேச மாநாட்டு மண்டபம் 1973இல் சீனா அன்பளிப்பாகக் கட்டிக்கொடுத்தது. சவூதி அபிவிருத்தி நிதியத்தின் கடன் நம் நாட்டிலும் பயன்பட்டிருக்கிறது.

அந்தப் பதிலை நான் ஏற்கிறேன், ஆனால் அதோடு நிறுத்த முடியவில்லை. மாநாட்டு மண்டபத்தைச் சீனா தந்தது என்று வாசலிலேயே தெரியும். அமெரிக்காஸ் ஆர்மியின் பெயரிலேயே ஆர்மி இருந்தது. ஈஏ விடயத்தில் நடப்பது நேர்மாறானது. பங்குச் சந்தையில் இருந்தவரை கம்பனி காலாண்டுக்கு ஒருமுறை கணக்குக் காட்டியது, பங்குதாரர் கேள்வி கேட்டார். தனியாருக்குப் போய்விட்டால் அந்தக் கதவு மூடிவிடும். சவூதியின் பங்குகள் பற்றி நாம் இதுவரை அறிந்ததெல்லாம் எந்தக் கதவு வழியாக வந்ததோ அதே கதவு. அமெரிக்க செனட்டர்கள் எலிசபெத் வாரனும் ரிச்சர்ட் புளூமென்தாலும் வெளிநாட்டுச் செல்வாக்குப் பற்றிக் கேட்டுக் கடிதம் எழுதினார்கள். அமெரிக்காவின் கேம் தொழிலாளர் சங்கமும் விற்பனையைக் கடுமையாக ஆராயச் சொன்னது.

கடன் வேறு இருக்கிறது. 55 பில்லியனில் 20 பில்லியன் ஜேபி மோர்கன் வங்கி ஏற்பாடு செய்யும் கடன். அது ஈஏயின் தலையில்தான் விழும். வட்டி கட்ட வேண்டிய கம்பனி லாபம் குறைந்த ஸ்டூடியோக்களில் ஆட்களைக் குறைக்கும். கால்பந்து போல வருடாவருடம் விற்கும் கேமைப் பிடித்துக்கொள்ளும். எந்தக் கேம் நின்றுபோகிறது, எதில் இருந்த எந்தக் கதாபாத்திரம் காணாமல் போகிறது என்பது அப்போது வியாபார முடிவாகவே சொல்லப்படும். உண்மையில் வியாபார முடிவாகவும் இருக்கலாம். வெளியிலிருந்து பிரித்துப் பார்ப்பது மிகவும் கடினம்.

இதையெல்லாம் எழுதுவதால் அந்தப் பையனிடமிருந்து போனைப் பறிக்கச் சொல்கிறேன் என்று யாரும் நினைக்கக் கூடாது. அவனிடம் கேட்பதற்கு எதுவும் இல்லை. இங்கிருந்து ஒரு வீரர் ரியாத் மேடைக்குப் போனால் அவரையும் குறை சொல்ல மாட்டேன். அதே நாட்டுக்கு வேலைக்குப் போகும் தாயைக் குறை சொல்ல முடியாதது போலத்தான். இருவருக்கும் தெரிவு குறைவு. தெரிவு உள்ளவர்களிடம்தான் கேட்க வேண்டும். ரயட்டால் மறுத்திருக்க முடியும், 2020இல் எதிர்ப்பு வந்ததும் ஒப்பந்தத்தை ரத்துச் செய்தது. ஒலிம்பிக் குழுவால் முதலிலேயே கையெழுத்துப் போடாமல் இருந்திருக்க முடியும்.

இங்கே தமிழில் கேமிங் வீடியோ போடும் தம்பிமாரும் தங்கைமாரும் ஒன்று செய்யலாம். அனுசரணை வாங்கினால் யாருடைய பணம் என்று வீடியோவின் தொடக்கத்திலேயே சொல்லலாம். ரியாத் போட்டியை நேரலையாகக் காட்டும்போது, போட்டியை நடத்துபவர் யார், கேமின் சொந்தக்காரர் யார் என்று ஒரு வசனம் சேர்க்கலாம். பாடசாலை மட்டத்தில் போட்டி நடத்துபவர்களிடம் பெற்றோரும் இதையே கேட்கலாம். இதற்கு எந்தச் சட்டமும் தேவையில்லை, யாருடைய வேலையும் போகாது. நியூகாசில் ரசிகர் தன் கழகம் யாருடையது என்று தெரிந்தே கைதட்டுகிறார் அல்லது தட்டாமல் விடுகிறார். நம் பிள்ளைகளுக்கும் குறைந்தது அந்தத் தகவலாவது போய்ச் சேர வேண்டும்.